எலுமிச்சம்பழம் நசுங்கியது, கார் நிற்கவில்லை

தைரியசாலிகள் விபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பயந்தவர்கள் விபத்துக்கு நல்ல நேரம் பார்த்து ஏற்பாடு செய்கிறார்கள். நான் இரண்டாவது ரகம். போன ஆவணியில், ஆரணியில் எங்கள் தெருவே கூடி நின்று பார்க்க, இதை நிரூபித்தேன். இதை எழுதும்போதுகூட என் வலது கால் மேசைக்கு அடியில் எதையோ மிதித்துக்கொண்டிருக்கிறது.

என் மகள் பவித்ராவுக்கு வேலூரில் வேலை. தினமும் காரிலேயே போய் வரலாம் என்று ஒரு பழைய கார் வாங்கினாள். நான் விடவில்லை. பஸ் இருக்கிறது, லாரிக்காரர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள், மழை வரும், பனி வரும், நாய் குறுக்கே வரும். இப்படி மாதத்துக்கு ஒரு காரணம் சொல்லி அந்தக் காரைப் போர்டிகோவிலேயே உறை போட்டு நிறுத்திவைத்தேன். வாரம் தவறாமல் குழாய் பிடித்துக் குளிப்பாட்டினேன். (பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிக் குளிப்பாட்டியதில்லை என்பது என் கணவரின் கருத்து.)

ஒரு வழியாகப் பவித்ரா பிடிவாதம் பிடித்து வண்டியை வெளியே எடுத்தாள். மார்க்கெட் வரை போய்த் திரும்புவதற்குள் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதித்தது. மெக்கானிக் ஏழுமலை வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"காலிபர் ஜாம் ஆயிடுச்சிக்கா."

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் கிடுக்கிதான் காலிபர். அது பிடித்த பிடியை விடாமல் இருந்திருக்கிறது.

"எப்படிங்க ஜாம் ஆவும்? வண்டிய எடுக்கவே இல்லையே!"

"எடுக்காததாலதான் ஆச்சி. தண்ணி ஊத்தி ஊத்தி நிறுத்தி வச்சிகினு இருந்தா உள்ள துரு புடிக்காம இன்னா பண்ணும்? அப்பப்ப கழட்டி கிரீஸ் வச்சிருந்தா போதும். இப்ப ரெண்டு பக்கமும் மாத்திடலாம்."

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பிடித்ததை விடாத கிடுக்கியைப் பற்றி அவளுக்கு ஏதோ சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். நல்ல வேளை, சொல்லவில்லை.

"காலிபர மாத்திட்டா என்னை விட்டுடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாத்தி, பூஜை போட்டு, எல்லாம் சரியா இருந்தா திங்கக்கிழம நீயே ஓட்டிட்டுப் போ."

"அப்பா, நீங்க சாட்சி."

"என்னை இதுல இழுக்காத" என்றார் அவர்.

மனதுக்குள் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வேலை நடக்கும்போது ஏதாவது ஒரு குறை கண்ணில் படாமலா போகும்? அதைச் சாக்காக வைத்துப் பொங்கல் வரை இழுத்துவிடலாம். அதனால், வேலை எங்கள் வீட்டு வாசலில், என் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியை. பாஸ்கல் விதி நடத்தும்போது வருடம் தவறாமல் கரும்பலகையில் பிரேக் படம் வரைபவள். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் பிரேக் பிடிக்காது என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழுமலை புதுக் காலிபர்களோடு வந்து வேலையை ஆரம்பித்தார். மாட்டி முடித்ததும் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூட, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை வேறு யாருக்குக் கொடுப்பேன்?

"மிதிங்க... புடிச்சிக்குங்க... நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

மிதித்தேன். பிடித்தேன். ஏதோ சத்தம் கேட்டது, என்ன என்று எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தபோது கால் தூக்கிக்கொண்டது.

"அய்யோ, விட்டுட்டீங்களா? காத்து திரும்ப உள்ள போயிடுச்சி."

மறுபடி மிதித்தேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். இப்படியே காற்று உள்ளே வருவதும் வெளியே போவதுமாக எங்கள் கார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒருவாறு முடிந்தது. வலது பக்கம் பாதியில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு ராகு காலம்.

"ஏழுமல, ராகு காலம் வரப்போவுது. பூஜைய முதல்ல முடிச்சிடலாம்."

"இன்னும் கொஞ்சம் காத்து இருக்குதுக்கா."

"ராகு காலத்துல பூஜ போட்டா வண்டி உருப்படுமா?"

ஏழுமலை சற்று யோசித்தார். அவர் கடையிலும் வாசலில் பூசணிக்காய் தொங்குகிறது. "அதுவும் கரெக்ட்டுதான். ஜல்தியா சக்கரத்த மாட்டிடறேன். கொஞ்சம் நவுத்தி, பழத்த நசுக்கிட்டு நிறுத்திடுங்க. மிச்சத்த அப்பால பாத்துக்கலாம்."

பவித்ரா குறுக்கே வந்தாள். "எதால நிறுத்தறது?"

இரண்டு பட்டங்கள் வாங்கிய நான், கார்களிலேயே வாழ்ந்த ஏழுமலை, வங்கியில் அதிகாரியாக இருக்கும் என் கணவர். எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

"நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமா பேசாத" என்று அவளை அதட்டினேன்.

சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. முன் கண்ணாடியில் தாராளமாகச் சந்தனம் பூசிப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். மாலை போட்டேன். முதல் ஓட்டம் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஏதாவது ஆனால் எனக்கு ஆகட்டும், என் பெண்ணுக்கு ஆக வேண்டாம். (இந்தத் தியாகத்தை நினைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி லேசாகக் கண்கூடக் கலங்கினேன்.) என் கணவர் வண்டிக்கு முன்னால் நின்று, பின்பக்கமாக நடந்தபடியே இரண்டு கைகளாலும் அழைத்தார்.

"வா... வா... வா..."

எங்கள் போர்டிகோவிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு. தெருவும் அந்தப் பக்கமாகவே இறங்கும். இறக்கத்தில் நெசவாளர் தனபால் வீட்டார் காலை வேளையாதலால், தறியில் நெடுக்காக ஏற்றும் பட்டு நூலான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ சேலை நெய்ய வேண்டிய அரக்கு நிறப் பாவு.

பழம் நசுங்கியது. மங்களகரமான சத்தம். பிரேக்கை மிதித்தேன். கால் சேற்றில் இறங்குவது போலத் தரை வரைக்கும் போயிற்று.

கார் போய்க்கொண்டே இருந்தது. வேகம் என்று சொல்ல முடியாது. சாமி ஊர்வலத்தின் வேகம். மாலையும் இருந்தது. அந்த மெதுவான நடைதான் கொடுமை. ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்து அவமானப்பட எனக்கு நேரம் கிடைத்தது.

"வா... வா... வா..." என் கணவர் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தார்.

"நிக்கலைங்க!"

"வா... என்னது?" என்றவர், சாக்கடைப் பக்கமாகத் தாவினார்.

ஏழுமலை ஸ்பேனரோடு கூட ஓடிவந்தார். "மிதிங்கக்கா!" பவித்ரா ஜன்னலோரம் நடந்துகொண்டே, "அம்மா, ஹேண்ட் பிரேக்! எஞ்சின ஆஃப் பண்ணு!" என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பதறிப்போய் எதையோ இழுத்தேன். வைப்பர் ஓடியது. சந்தனமும் குங்குமமும் கண்ணாடி முழுக்கப் பரவின. அதோடு உலகம் மறைந்தது.

தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, என் வாழ்நாளில் எந்த வகுப்பிலும் போடாத சத்தம் போட்டேன். "தனபால்! பாவ எடுங்க! பாவ எடுங்க!"

தனபால் திரும்பிப் பார்த்தார். பாவு தளர்ந்தால் சிக்காகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. அவர் பதறாமல் ஒரே ஒரு குரல் கொடுத்தார்: "இழுத்துப் புடிச்சிகினே ஓரமா வாங்க!" அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, அக்கம்பக்கத்தார் எல்லாரும் தறிக்குப் போக வேண்டிய அந்த நீள அரக்கு நதியை விறைப்புக் குறையாமல் தூக்கிக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து சுவரோரம் போனார்கள்.

ஒரு முனை மட்டும் சுவரோரம் போக முடியவில்லை. அங்கே ஒரு பைக் நின்றது. நான் அந்த முனையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன். பாஸ்கல், ராகு, எங்கள் குலதெய்வம் எல்லாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுப் பெடலை மிதித்தேன், மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். மிதிக்க மிதிக்கப் பெடல் மெல்ல மேலே ஏறி வந்தது. திடீரென்று காலுக்கடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கார் குலுங்கி நின்றது. மாலை மட்டும் முன்னால் போய்ப் பாவின் மேல் விழுந்தது.

தனபால் மாலையை எடுத்து ஓரமாக வைத்தார். அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிந்தார். பிறகு ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"டீச்சரம்மா, திருஷ்டி கழிச்சது வண்டிக்கா, எங்களுக்கா?"

ஏழுமலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மிச்ச வேலையை முடித்தார். இந்த முறை பவித்ரா மிதித்தாள். என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். காற்று முழுவதும் வெளியேறியது சுத்தமான ராகு காலத்தில். அன்று முதல் அந்தப் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். "இவ்ளோ நடந்ததுக்கு அப்புறம் வண்டிய எடுக்கணுமா பவி?"

"நடந்தது வண்டியாலயா, உன்னாலயா?"

என் கணவர் ரசத்தில் மும்முரமாக இருந்தார்.

திங்கட்கிழமை அவள் போனாள். தெரு முனையில் பிரேக் விளக்கு அழகாக எரிந்து அணைந்தது. இப்போது தினமும் போகிறாள், வேலூர் சேர்ந்ததும் செய்தி அனுப்புகிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது. வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே வாகனம் என் செருப்பு.

அதற்கும் மதிப்பு வந்துவிட்டது. போன வாரம் கறிவேப்பிலை வாங்கக் கைப்பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருவில் தனபால் வீட்டார் பாவு போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி குரல் கொடுத்தார்.

"டீச்சர் கெளம்பிட்டாங்க! புடிங்க, புடிங்க!"

ஒரு தெருவே பாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றது. நான் நடுவே நடந்து போனேன்.