கடலுக்கு டப்பிங் கொடுத்த குடும்பம்

ஒரு கருவியை ஒழுங்காக இயக்கத் தெரியாதவன்தான் அதற்குத் துணைச் சாமான்களை வாங்கிக் குவிப்பான். வண்டியை நேராக ஓட்டத் தெரியாதவன் பைக்கில் ஹாரன் மட்டும் இரண்டு இருக்கும். எனக்கு வீடியோ எடுக்கத் தெரியாது. ஆகவே என்னிடம் ட்ரைபாட், ஃபில்டர், வெளி மைக், ஹெட்போன், ரிஃப்ளெக்டர் எல்லாமே இருந்தன.

சுனாமி முடிந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். நான் அப்போது மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். என் மனைவி வளர்மதிக்குப் பிறந்த வீடு பக்கத்துக் கடற்கரை ஊரான தேவனாம்பட்டினம். மாமனாரின் படகைச் சுனாமி கொண்டுபோனதிலிருந்து அவர் அடுத்தவர் படகில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வளர்மதியின் தம்பி செந்தில் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் சம்பாதித்துச் சேர்த்து அப்பாவுக்குப் புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கிக் கொடுத்தான். ஆனால் அதைக் கடலில் இறக்கும் நாளுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் கேம்கார்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, போட்டு எப்படி இருக்குன்னு போட்டோல பாத்துட்டேன். நீங்க அப்பாவ எடுங்க. போட்ட தள்ளும்போது அவரு என்னா சொல்றாருன்னு நான் கேக்கணும். படம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, சத்தம் முக்கியம்."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பாவும் மகனும் போனில் பேசும் அழகை நான் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "நல்லாருக்கியா?" "ம்." "சாப்டியா?" "ம்." "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவன் வெளிநாடு போன நாளிலிருந்து இதே வசனம்தான். (யார் கேட்பது, யார் "ம்" போடுவது என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.) இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"மச்சான், கவலைய வுடு. தியேட்டர்ல கேக்கற மாதிரி இருக்கும்" என்றேன். அதுவரை நான் கேம்கார்டரைக் கையால் தொட்டதுகூட இல்லை.

மறுநாளே அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் பாஸ்கர் என்பவர் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்தார். கல்யாண வீடியோக்களில் மணமக்களைத் தாமரைப்பூவுக்குள் உட்கார வைத்துச் சுற்ற விடுவதில் அந்த வட்டாரத்திலேயே பெயர்பெற்றவர். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கை நடுங்காமலிருக்க ட்ரைபாட். உப்புக்காற்று லென்ஸில் படாமலிருக்க ஃபில்டர். தூரத்துப் பேச்சைப் பிடிக்கத் தனி மைக். பிடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்க ஹெட்போன்.

"கடலோரம் காத்து ஜாஸ்தி சார். மைக்குல பொர்ருபொர்ருனு கேக்கும். அதுக்கு ரோமம் வெச்ச உறை போடணும். அது நம்மகிட்ட இல்ல. வீட்ல கரடி பொம்ம எதனா இருந்தா பாருங்க. அப்பறம் சார், இந்த மைக்குக்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். அத மறக்காதீங்க."

நான் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய படத்தின் ஒளிப்பதிவாளர் ஷூட்டிங் இடைவேளையில் டீ குடிக்க வந்தது போல இருந்தது. "ம், ம்" என்றேன். (குடும்ப வழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.)

படகு இறக்கும் நாள் வந்தது. காலை வெயில் ஏறிவரும் நேரத்துக்கு முகூர்த்தம். நான் தோளில் ட்ரைபாட், கையில் கேமரா, கழுத்தில் ஹெட்போன் என்று கரையில் வந்து இறங்கினேன். கேமராவின் தலையில் மைக். மைக்கின் மேல் என் மகளின் கரடி பொம்மையை உரித்துத் தைத்த பழுப்பு நிற உறை. (மகள் இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை.) மாமியார் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னா மாப்ள, பூனக்குட்டிய எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?"

கரையில் நின்று கடலைப் பார்த்துப் படமெடுத்தால் சூரியன் எதிரே இருக்கும். மனிதர்கள் முகமெல்லாம் கரியாகத் தெரியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வார இதழில் படித்து, அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். பெரிய தெர்மாகோல் பலகையில் வெள்ளிக் காகிதம் ஒட்டி, அதை வளர்மதி கையில் கொடுத்தேன். சூரியன் அதில் பட்டு, திரும்பி மனிதர்கள் முகத்தில் வெளிச்சமாக விழ வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் காற்று அந்தப் பலகையைப் பாய்மரமாக நினைத்து அவளைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போனது. பட்டுப்புடவையோடு மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒருவழியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயசைவில் தெரிந்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்தது நாய். மீன் கழித்துப் போட்டதைத் தின்று கொழுத்த கரையோர நாய் ஒன்று, யாருடைய ஆகாரத்தையோ நான் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறேன் என்ற சந்தேகத்தோடு என்னையே சுற்றி வந்தது. கேமராவை மாட்டிய ட்ரைபாடைத் தாழ்த்தி மணலில் ஊன்றக் குனிந்தேன். ஒரே தாவு. கரடித் தோலைக் கவ்விக்கொண்டு வலைகள் உலரும் பக்கமாக ஓடிவிட்டது. துரத்திப் பிடிக்க நேரமில்லை. மேளம் தொடங்கிவிட்டது.

படகின் மூக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். பூசணிக்காயை உடைத்தார்கள். மாமியார் குலவையிட்டார். நான் ஹெட்போனைக் காதில் மாட்டினேன். ஆகா, மேளச் சத்தம் என்ன துல்லியம்! பாஸ்கர் வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது ஹெட்போன் வழியாக வரவில்லை, ஹெட்போனைத் தாண்டி நேராகக் காதுக்குள் வருகிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஆட்கள் படகில் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மாமனார் அதன் பக்கவாட்டில் கை வைத்து நின்றார். திடீரென்று கேமராவைப் பார்த்துத் திரும்பினார். நான் முகத்தை நெருக்கிப் பிடித்தேன். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு கையை எங்கள் பக்கமாக நீட்டி, உணர்ச்சியோடு ஏதோ நீளமாகச் சொன்னார். மேளமும் குலவையும் சேர்ந்து காதைப் பிளந்ததில் எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எனக்கு விளங்காவிட்டால் என்ன, மைக்குக்கு விளங்கியிருக்கும். எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. கரையிலிருந்தே மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், சொன்னா நம்ப மாட்ட. அப்பா உங்கிட்ட பேசியிருக்காருடா! கண்ணு கலங்கி, கேமராவப் பாத்து, அவ்ளோ பேசியிருக்காரு!"

 "அனுப்பி வைங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் மாமனார் வீட்டு டிவியில் போட்டோம். தெருவே உள்ளே உட்கார்ந்திருந்தது. படம் வந்தது. ஈர மணலில் ட்ரைபாடின் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்ததால், கடல் மெல்லச் சிதம்பரம் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அதைக்கூட மன்னித்தார்கள்.

"டிவில சத்தத்த வைங்க மாப்ள" என்றார் மாமியார்.

வைத்தேன். இன்னும் வைத்தேன். கடைசி வரைக்கும் வைத்தேன். நாயனக்காரர் கன்னம் உப்ப ஊதினார், சத்தமில்லை. பூசணிக்காய் சிதறியது, சத்தமில்லை. டிவி கெட்டுவிட்டதோ என்று யாரோ சேனலை மாற்ற, சீரியலில் ஒரு பெண் "அய்யோ!" என்று அலறியதில் கூரைமேல் இருந்த காகங்கள் பறந்தன. டிவி நன்றாகத்தான் இருந்தது. மைக்கை எடுத்துப் பார்த்தேன். அதன் வயிற்றில் இருந்த குட்டி சுவிட்ச் ஆஃபில் இருந்தது. வெளி மைக்கைச் சொருகியதும் கேமராவின் சொந்த மைக் வேலையை நிறுத்திவிடுமாம். இதுவோ வேலையை ஆரம்பிக்கவே இல்லை.

வளர்மதி என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் திரையில் மாமனாரின் முகம் பெரிதாக வந்தது. கண்ணீர், உதட்டசைவு, நீட்டிய கை.  மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "புள்ளய நெனச்சிதான் பேசியிருக்காரு... என்னா சொன்னாரோ தெரியலியே!" வாசலில் நின்றிருந்த மாமனாரை எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். அழுகிற மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஒரு மகன் வருஷக்கணக்காகக் காத்திருந்த பேச்சு. அதை ஒரு சுவிட்சால் தொலைத்துவிட்டேன் என்ற வெட்கம் உண்மையாகவே என்னைத் தின்றது. விடிந்ததும் பாஸ்கரிடம் ஓடினேன்.

"இதுல என்னா சார் இருக்கு. டப்பிங் பண்ணிடலாம். அவுங்கள அழைச்சிட்டு வாங்க. கடல் சத்தத்த மட்டும் தனியா எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

சுவிட்சைப் போட்டு, போட்டதை வளர்மதியிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, கடற்கரைக்குப் போய் எடுத்தேன். கரடித் தோல் இல்லாத மைக்கில் காற்று மட்டும்தான் பொர்ரென்று விழுந்தது. கடலைக் காணோம். கடைசியில் மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். முறத்தில் கேழ்வரகைக் கொட்டி மெல்ல இந்தப் பக்கம் சாய்த்தார், பிறகு அந்தப் பக்கம் சாய்த்தார். அலை வந்தது, அலை போனது. கண்ணை மூடிக் கேட்டால் சாட்சாத் தேவனாம்பட்டினம்.

இப்படியாக, கடலுக்கு எதிரே குடியிருக்கும் ஒரு குடும்பம், கடல் சத்தம் போடுவதற்காக முறமும் கேழ்வரகுமாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறியது. மாமனாரைக் கிளப்பியதுதான் பெரும்பாடு. "செந்திலு கேட்டுக்கிட்டே இருக்காம்ப்பா" என்று வளர்மதி சொன்ன பிறகுதான் சட்டையைப் போட்டார்.

பாஸ்கரின் டப்பிங் அறை என்பது நான்கு பக்கமும் போர்வை தொங்கவிட்ட ஒரு சின்ன அறை. மாமியார் அலை அடித்தார். வாயால் மேளமடிக்கும் பொறுப்பு எனக்கு. ("சார், மேளம் நம்மகிட்ட சிடில இருக்கு, நீங்க சும்மா இருங்க" என்று பிறகு பாஸ்கர் அதையும் பறித்துக்கொண்டார்.) மாமியார் குலவையிட்டபோது பாஸ்கர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் காதைக் குடைந்தார். கடைசியாக மாமனாரை மைக் முன்னால் உட்கார வைத்தோம். திரையில் அவர் முகம். உதடு அசையத் தொடங்கியது.

"போட்டு... நல்லாருக்கு" என்றார் மாமனார்.

"ஐயா, இன்னும் வாய் ஆடுது. பேசுங்க" என்றார் பாஸ்கர்.

மறுபடி போட்டார்கள். "போட்டு நல்லாருக்கு. நீ வாங்கிக் குடுத்தது."

"இன்னும் ஆடுது ஐயா."

மாமனார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் உதவவில்லை. மாமியார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். திரையில் மறுபடி அந்த முகம் வந்தது.

"போட்டு நல்லாருக்கு செந்திலு. நீ வாங்கிக் குடுத்தது. பழையது போனப்ப நான் ஒன்னும் சொல்லல, ஆனா மனசு வுட்டுப் போச்சிடா. இப்ப பரவால்ல. நீயும் கூட இருந்து ஒரு கை தள்ளியிருந்தா..."

திரையில் வாய் மூடிக்கொண்டது. அவரும் நிறுத்திக்கொண்டார். பாஸ்கர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிடி மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று செந்தில் போன் செய்தான். "கடல் சத்தம் அப்படியே நம்மூரு மாதிரி இருக்கு மாமா" என்றான். (கேழ்வரகுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.) பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். மாமனார் போனை வாங்கி, வழக்கம்போல் மாமியார் பக்கம் நீட்டாமல், காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

அடுத்த முறை லீவில் வந்தபோது செந்தில் அந்தச் சிடியைப் போட்டான். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மாமனார் பேசும் இடத்தில் படத்தை நிறுத்தினான்.

"மாமா, சத்தமும் வாயும் ஒட்டவே இல்லியே. நான் மஸ்கட்லயே கண்டுபுடிச்சிட்டேன்."

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான். "அப்பா, நெசமா அன்னிக்கி என்னாதான் சொன்ன?"

மாமனார் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்:

"என்னாத்த சொல்றது. எம்பொண்ணு அந்த வெள்ளி அட்டைய வெச்சி நேரா கண்ணுலயே வெயில அடிக்கிறா. தண்ணியா கொட்டுது. 'மாப்ள, கண்ணு கூசுது, அத அப்பால எடுக்கச் சொல்லுங்க'ன்னு கைய ஆட்டி ஆட்டி கத்தறேன். இவரு காதுல அத மாட்டிக்கிட்டு என்னியவே பாத்து அழுதுக்கிட்டு நிக்கிறாரு."

வீடு அதிர்ந்தது. வளர்மதி சிரித்துச் சிரித்துப் புரையேறி அடுப்படிக்கு ஓடினாள். மாமியார், "அதுக்கா நான் அவ்ளோ அழுதேன்!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார். செந்திலுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப சிடில பேசினது?"

"அது நெசம்" என்றார் மாமனார். "மாப்ள ஒழுங்கா சுவிட்ச போட்டிருந்தாருன்னா சொல்லியிருக்க மாட்டேன்."

என் வாழ்நாளில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யாததற்காக எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்தவர் பக்கம் நீட்டினால் விடமாட்டோம். "இன்னும் வாய் ஆடுது, பேசுங்க!" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவோம். முதலில் கத்துகிறவர் என் மாமனார்.