ஒட்டுப் போர்வைக்கு ஒரு கரை

டீக்கடையில் மேல் தட்டில் இருந்த பன்னை எடுக்கக் கையைத் தூக்கினேன். என் வயிறு வெளியே வந்து போடி பேருந்து நிலையத்தைப் பார்த்தது. பேருந்து நிலையமும் என் வயிற்றைப் பார்த்தது.

சட்டை மேலே ஏறியிருந்தால் பரவாயில்லை. சட்டை அந்த இடத்தில் இல்லவே இல்லை.

பேண்ட்டுக்குள் செருக வேண்டிய துணி சுற்றிலும் ஒரு சாண் அளவுக்குக் கத்தரிக்கப்பட்டிருந்தது. கத்தரித்த ஓரத்தை மடித்துத் தைத்தும் இருந்தார்கள். வேலை சுத்தம். அதுதான் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. திருடன் வந்து போன பிறகு வீட்டைக் கூட்டிவிட்டும் போனால் எப்படி இருக்கும்?

பன்னைத் தின்னாமல் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்தேன். மொத்தம் பதினோரு சட்டை. ஒன்பதுக்கு வால் இல்லை.

"ஏ சந்திரவல்லி! என் சட்டை வாலெல்லாம் எங்கே?"

"போர்வையில இருக்கு."

"யாரைக் கேட்டு வெட்டுன?"

"கேட்டாக் குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"இது அநியாயம் இல்லையா?"

"உள்ள விடுற துணிதானேங்க. இருட்டுக்குள்ள கெடந்து அது என்ன சோலி பாக்கப் போகுது?"

"மானத்தைக் காக்கும்டி!"

"அதுக்குத்தான் பனியன் இருக்கே."

"பனியனைத்தான் போன மாசமே வெட்டிட்டியே!"

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். குரலில் வருத்தம் ஒரு துளி இல்லை. ஏதோ நான் அவளுக்கு ஒரு தகவலை நினைவுபடுத்தியதுபோல இருந்தது.

இந்த வியாதி எங்கள் வீட்டுக்குள் வந்து எட்டு மாதம் ஆகிறது. செல்போன் வழியாக வந்தது. எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி, பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, கலர் பார்த்து ஒட்டித் தைத்துப் போர்வை செய்து காட்டினாள். சந்திரவல்லி பார்த்தாள். அன்றோடு என் நிம்மதி முடிந்தது.

செய்முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஆரம்பித்தால் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றை ஆறு அங்குலச் சதுரமாக வெட்டுவார்கள். அது அளவு. அதைத் துணிமேல் வைத்து வெட்டுவார்கள். ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். கட்டங்கள் சேர்ந்தால் மேல்துணி. கீழே ஒரு அடித்துணி, நடுவில் இலவம் பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். கடைசியாகச் சுற்றிலும் கரை. இவ்வளவுதான். இதற்குள் அந்த இலவம் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். சாம்பாரில் மிதக்கும். தும்மினால் நம் மூக்கிலிருந்து அரைத் தலையணை வரும். நாற்காலியில் உட்காருமுன் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தடவாமல் உட்கார்ந்த ஒரு நாளில் வந்தது அந்தப் பழக்கம்.

சரி, யாருக்குப் போர்வை? எனக்கா? இல்லை. அவள் தம்பி ராம்பிரசாத் போடிமெட்டில் வீடு கட்டியிருக்கிறான். அங்கே குளிராம். என் முதுகையும் இடுப்பையும் மூட வேண்டிய துணியெல்லாம் மலையேறிப் போய் மச்சினன் காலை மூடப் போகிறது. ஊசி குத்திய இடத்தைவிட இந்த இடம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

"தச்சுத் தச்சு எட்டு மாசமா நீ என்ன கிழிச்ச?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தைக்கணும்னா மொதல்ல கிழிக்கத்தான் செய்யணும். நீங்க முப்பது வருசமா என்ன கிழிச்சீங்க?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழா வைக்கிறாங்க!"

உண்மை. நான் வெள்ளைத்துரை. காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஏலக்காய்க் கிட்டங்கியில் முப்பது வருடமாகத் தரம் பிரிக்கும் மேற்பார்வையாளன். ஊரில் ஏலம் என்றால் காய்க்கும் அதுதான் பெயர், கூவி விற்பதற்கும் அதுதான் பெயர். இரண்டுக்கும் முன்னால் காய் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். பச்சை, பழுப்பு, வெடித்தது, வண்டு துளைத்தது எல்லாம் ஒரு பார்வையில் சொல்வேன். மூட்டையில் 'கழிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்றால் முதலாளியே வந்தாலும் அது திரும்ப நல்ல காயோடு சேராது. நான் கழிவு என்றால் கழிவு. இந்தச் சொல்லுக்குப் போடியில் மதிப்பு உண்டு, என் வீட்டைத் தவிர.

அதற்காகத்தான் ஊர் வியாபாரிகள் சங்கத்தில் என்னை மேடையேற்றப் போகிறார்கள். உடுத்துவதற்கு என்னிடம் அரக்குக் கரை போட்ட பட்டு வேட்டி, அதே கரையில் துண்டு, சந்தனக் கலர் பட்டுச்சட்டை இருந்தன. மேடையில் பட்டு வேட்டி. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அடுப்படிப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டு ரஹ்மத்துன்னிசாவோடு சந்திரவல்லி போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு சுவர். அதைத் தாண்டவும் போன் வேண்டும் இவர்களுக்கு.

"எல்லாம் முடிஞ்சிருச்சு ரஹ்மத்து. கரை மட்டுந்தான் பாக்கி... ஆமா ஆமா, அரக்குக் கலருதான் எடுப்பா இருக்கும், ஜரிகையோட... அவரு தோள்ல கெடந்து என்னத்துக்கு ஆகப் போகுது? ஞாயித்துக்கிழமை வந்துரட்டும், எடுத்துருவேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அரக்கு, ஜரிகை, தோளில் கிடப்பது. என் பட்டுத்துண்டு! துண்டு போனால் வேட்டியை விடுவாளா? எட்டு மாதம் என்னை ஓரமாகக் கத்தரித்துக்கொண்டு வந்தவள், இப்போது கரைக்கே வந்துவிட்டாள்.

சத்தம் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சத்தம் போட்டு நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த முறை புத்தி.

வியாழக்கிழமை அவள் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பீரோவை முழுசாகக் காலி செய்தேன். பட்டு, பருத்தி, வால் போனது, வால் இருப்பது எல்லாவற்றையும் அள்ளி மொபட்டில் கட்டிக் கிட்டங்கிக்குக் கொண்டுபோனேன். ஒரு புதுச் சாக்கில் உள்ளே பாலித்தீன் உறை போட்டுத் துணியை அடுக்கி வாயைத் தைத்தேன். ஆமாம், நானே தைத்தேன். பிறகுதான் என் முப்பது வருட அனுபவத்தைக் காட்டினேன். நல்ல காய் மூட்டையை யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். கழிவு மூட்டையை எவன் தொடுவான்? நீல மையில் பெரிதாக 'கழிவு' என்று எழுதினேன். விதிப்படி கீழே 'வெள்ளைத்துரை' என்று கையெழுத்தும் போட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சந்திரவல்லி கேட்டாள்.

"பீரோ காலியா இருக்கே?"

"இருக்கும்."

"உங்க துணிமணியெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. உன் கத்தரி எட்டாத எடத்துல."

"சரிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் ஒரு தோசை வேண்டுமா என்றும் கேட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் இரண்டு தின்றேன்.

சனிக்கிழமை மாலை வேட்டியை எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். மூட்டை வைத்த மூலையில் மூலைதான் இருந்தது. காய் பொறுக்கும் பொன்னுமணி கையை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பொன்னுமணி! இங்க ஒரு மூட்டை இருந்துச்சே, கழிவுன்னு எழுதி?"

"அது மத்தியானமே போயிருச்சே அண்ணே. சனிக்கெழமை கழிவு கெட்டங்கியில தங்கக் கூடாதுன்னு நீங்க போட்ட சட்டந்தான?"

"எங்க போச்சு?"

"காய்க் கழிவு தூள் அரைக்கப் போச்சு. துணிக் கழிவு அக்காவுக்குப் போச்சு."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான். சாக்கு, படுதா, துணி எது கழிஞ்சாலும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்காகளே. தூக்குறப்ப மெத்துன்னு இருந்துச்சா, பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் நல்ல துணியா இருக்கேன்னு நெனச்சேன். அப்பறம் கையெழுத்தப் பாத்தேன். நீங்க கழிவுன்னா கழிவுதான அண்ணே? ஜீப்பு அந்தப் பக்கந்தான் போச்சு. ஏத்தி விட்டுட்டேன்."

மொபட் எந்தத் தெருவழியாக ஓடியது என்று எனக்குத் தெரியாது. வழியெல்லாம் என் வேட்டி ஆறு அங்குலச் சதுரங்களாகப் பறப்பதுபோலவே இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்.

"அடியே! என் பட்டு வேட்டி!"

சந்திரவல்லி நடுவீட்டில் அதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழு வேட்டி. முழுத் துண்டு. சந்தனச் சட்டைக்கு வாலும் இருந்தது.

"எதுக்குங்க இதைப் போயிக் கழிவுல போட்டீங்க? எம்புட்டு நல்ல வேட்டி!"

"நீ வெட்டலையா?"

"எனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு மேடை ஏறணும்ல நீங்க?"

இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை. பழக்க தோஷத்தில் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் சிவப்புத் துணி. அடுத்ததில் பச்சை. அதற்கடுத்து நீலம், மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது. என்னைவிட நன்றாகத் தரம் பிரித்து அடுக்கியிருந்தாள்.

"இது என்னடி?"

"என் துணிக்கு ஒரு எடம் குடுங்கன்னு ஆறு மாசமாக் கேட்டேன். ஒரு தட்டுக்கூடத் தர மாட்டேன்னீங்க. இப்பச் சொல்லாமக் கொள்ளாம முழுசாக் காலி பண்ணிக் குடுத்துட்டீங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமான்னு ரஹ்மத்துகிட்டகூடச் சொன்னேன்."

"என் சட்டையெல்லாம்?"

"மூட்டையிலதான் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டதை நான் மாத்தலாமா?"

மூலையில் சாக்கு நின்றது. 'கழிவு. வெள்ளைத்துரை.' வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எப்படிச் சேர்த்துப் படிப்பார்கள் என்று யோசித்தேன். ஆனாலும் வேட்டி பிழைத்தது. பீரோ போனால் போகட்டும், கரையைக் காப்பாற்றிவிட்டேன். கணக்கு என் பக்கம்தான் என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா. சங்கச் செயலாளர், துணிக்கடை ஹபீப் ரஹ்மான்தான் வரவேற்றுப் பேசினார். ரஹ்மத்துன்னிசாவின் வீட்டுக்காரர். என்னைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். நானே கேள்விப்படாத நல்ல குணங்கள் எல்லாம் எனக்கு இருந்தன. கடைசியில் என் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார். அரக்குக் கலர். இரண்டு ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை. மண்டபம் கை தட்டியது.

முன்வரிசையில் சந்திரவல்லியும் தட்டினாள். எனக்காக அவள் கை தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் கண் என் முகத்தில் இல்லை, தோளில் இருந்தது. கொஞ்சம் கலங்கியும் இருந்தது. எட்டு மாதக் கோபமும் எனக்கு அந்த இடத்தில் இறங்கிவிட்டது. பெண்டாட்டிக்கும் பெருமை என்று ஒன்று உண்டு, பொறுத்திருந்தால் வெளியே வரும் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் ஹபீப் ரஹ்மான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, சால்வை எப்படி?"

"பிரமாதம் மாமா. பத்திரமா வச்சிருப்பேன்."

"நம்ம வழக்கப்படி மாலைதான் போடுறது. தங்கச்சிதான் கடைக்கு வந்து, மாலை வாடிப்போகும், சால்வையாப் போடுங்கன்னுச்சு. இருந்த அம்புட்டையும் விரிச்சுப் பாத்து, அரக்குல இந்த ஜரிகைதான்னு அதுவே எடுத்துக் குடுத்துட்டுப் போச்சு. உங்க மேல எவ்வளவு பிரியம் பாருங்க!"

வாயில் போட்ட கேசரி அப்படியே நின்றது. புதன்கிழமை அடுப்படியில் கேட்டது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்தது. அரக்கு. ஜரிகை. தோளில் கிடந்து என்னத்துக்கு ஆகப் போகுது. ஞாயிற்றுக்கிழமை வந்துரட்டும்.

கை கழுவிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினேன். முன்வரிசையில் அவள் இல்லை. நாற்காலியில் மடித்து வைத்த என் சால்வையும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் முழுக்கப் போர்வை விரிந்து கிடந்தது. என் ஒன்பது சட்டைகள் அதில் இருந்து என்னைப் பார்த்தன. சால்வை அவள் மடியில். கத்தரி அவள் கையில்.

"வெட்டாதடி! அது என் முப்பது வருச உழைப்பு!"

"அதான் இம்புட்டு உறுதியா இருக்கு" என்றாள். கத்தரி ஓடியது.

இந்த ஓரத்து ஜரிகை வந்தது. அந்த ஓரத்து ஜரிகை வந்தது. நடுவில் இருந்த என் மரியாதையைச் சுருட்டிச் சிவப்புத் தட்டில் போட்டாள். ஜரிகை இரண்டையும் போர்வையின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்படியே நின்றாள். முகம் சுருங்கியது. கோபத்திலும் எனக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது.

"என்ன, சரியா வரலையோ?" என்றேன்.

"சால்வைக்குக் கரை ரெண்டுதாங்க. போர்வைக்குப் பக்கம் நாலு. ஹபீப் அண்ணன்கிட்டச் சொல்லி, வேற எதுக்காவது உங்களை இன்னொரு தடவை வெரசாப் பாராட்டச் சொல்லுங்க."