இலக்கு அண்ணையும் திருநீறு பூசிய ஆறு மாடுகளும்

நோர்வே நாட்டிலேயே இலக்கு வைக்காமல் ஒரு தும்மல்கூடத் தும்மாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் இலக்கு அண்ணைதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில்லை.

ஹொல்ம்லியாவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவர் தலைமைச் சமையற்காரர். நான் அவருக்குக் கீழே உருளைக்கிழங்கு சீவுகிறவள். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் இல்லத்து முதியவர்களுக்கு மீனும் இறைச்சியும் அவர் கையால்தான். உப்புப் பார்க்கும் வேலை மட்டும் எனக்கு. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், எதையும் சாப்பிடுவேன். என்னை வேலைக்கு எடுத்ததே என் நாக்குக்காகத்தான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிவார்.

ஒரு மாரிகாலம் முழுக்க அவர் எங்கோ மாலை வகுப்புக்குப் போய், தொழில் தொடங்குவோருக்கான திட்டமிடல் படித்துவிட்டு வந்தார். எங்கள் நிம்மதி அன்றோடு போயிற்று. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. சின்ன இலக்கு, நடு இலக்கு, பெரிய இலக்கு என்று மூன்று கட்டங்கள்.

"தங்கச்சி, உம்மடை இலக்கு என்ன?"

"இந்தக் கிழங்கைச் சீவி முடிக்கிறதுதான் அண்ணை."

"அது வேலை. இலக்கு எண்டால் அளக்கக்கூடியதா இருக்கவேணும்."

அளந்தேன். தோல் தடிப்பாகப் போகிறது என்று கண்டுபிடித்தார். பிறகு தோலின் தடிப்புக்கும் ஒரு இலக்கு வந்தது.

இப்படி இருக்கையில் ஒருநாள் பெரிய இலக்குக் கட்டத்தில் ஒரு மாட்டின் படம் வரைந்திருந்தார். பார்க்க ஆடு மாதிரி இருந்தது, கேட்டபோதுதான் மாடென்று தெரிந்தது.

"பால் மாடோ அண்ணை?"

"இல்லை. இறைச்சி மாடு. கண்டுக்குட்டி வாங்கி வளர்த்து விக்கப்போறன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களோ? மரக்கறிக்காரனோ இறைச்சி மாடு வளர்க்கிறது?"

"அதாலைதான் நட்டம் வராது. முதலாளி சரக்கிலை கை வைக்கப்படாது."

நான் மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கினேன்.

லில்லெஸ்ட்ரோம் நகரம் தாண்டி பெரிட் என்றொரு வயதான பெண்மணி இருந்தார். கணவர் இறந்தபின் அவருடைய தொழுவம் வெறுமையாகக் கிடந்தது. தொழுவத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் தந்து, வார நாட்களில் தீனி போடவும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. இந்த இலையுதிர்காலத்தில் வாங்கும் கன்றுகள் அடுத்த ஆண்டு பனி விழுவதற்கு முன் போய்விட வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல் உருண்டைகள் ஒரு மாரிகாலத்துக்குத்தான் போதும். ஒரு மாடு மிஞ்சினாலும் தொழுவம் வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணை தன் சேமிப்பு முழுவதையும் இதில் போட்டிருந்தார், அதனால் அந்த நிபந்தனையைப் பலகையில் சிவப்பு மையால் எழுதி வைத்தார்.

எந்த இனத்தை வாங்குவது என்பதற்கு வகுப்பில் சொல்லித் தந்த கணக்கெல்லாம் போட்டார். தீனி, எடை, குளிர் தாங்கும் திறன் எல்லாம் பார்த்தார். கடைசியில் வாங்கியது ஹெர்ஃபோர்ட். செம்பழுப்பு உடல், முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

"ஏன் அண்ணை இந்த இனம்?"

"முகத்தைப் பாரும். பிறக்கேக்கையே திருநீறு பூசிக்கொண்டு வந்த சாதி."

விற்பதற்காக வாங்கும் மாட்டை இப்படியா தெரிவு செய்வது? சனி ஞாயிறுகளில் தொழுவத்துக்குப் போய் நின்றார். மாடுகளுக்குப் பெயர் வைக்காதே, பிறகு கஷ்டப்படுவாய் என்று பெரிட் எச்சரித்தார். அண்ணை சொன்ன சொல் கேட்கிறவர், பெயர் வைக்கவில்லை. காதில் தொங்கும் மஞ்சள் அட்டையின் கடைசி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனால் நெற்றியில் திருநீறு இருக்கிறதே, வெறும் எண்ணைச் சொல்ல வாய் வருமா? "மூண்டாம் நம்பர் ஐயா, இஞ்சை வாங்கோ" என்பார். "ஏழாம் நம்பர் ஐயா, நேற்றுச் சாப்பிடேல்லையாமே?" என்பார். நெஞ்சைச் சுற்றி நாடாவைப் பிடித்து எடையைக் கணக்கிட்டு, இந்த மாத இலக்கு என்ன, எவ்வளவு குறைவு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடுத்துச் சொல்வார். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். எங்கள் சமையலறையில் யாரும் அவருக்கு அந்த மரியாதை கொடுத்ததில்லை.

இனி, மாடுகளை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பும் நாள். இதில்தான் அவருடைய மனைவி வசந்தி அக்கா வந்து சேர்ந்தார்.

"என்னவோ செய்யுங்கோ. விரத நாளிலை மட்டும் அந்த லொறி வரப்படாது."

நியாயமான கோரிக்கை என்று எண்ணி அண்ணை கோயில் கலண்டரை விரித்தார். வெள்ளிக்கிழமை ஆகாது. புரட்டாதிச் சனி ஆகாது. நவராத்திரி ஆகாது. அது முடிந்த கையோடு கேதாரகௌரி விரதம், அதன் காலடியில் கந்தசஷ்டி. நோர்வேயில் மாடு விற்கிற பருவம் முழுவதும் யாழ்ப்பாணத்தான் பட்டினி கிடக்கிற பருவம் என்பதை எந்த வகுப்பும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "அண்ணை, எங்கடை கத்தோலிக்க வேதத்துக்கு வாங்கோ, இந்த நேரத்திலை வெள்ளி மட்டும்தான் விரதம்" என்று நான் ஆலோசனை சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார்.

சூரன்போர் முடிந்து பாரணையும் முடிந்தபின் ஒரு புதன்கிழமை மிஞ்சியது. லொறியை அன்றைக்குப் பதிந்தார். அதைத் தவறவிட்டால் அடுத்த லொறி பனிக்குப் பிறகுதான். பலகையில் அந்த நாளுக்கு எதிரே யார் யார் எங்கே நிற்பது என்று விவரமாக எழுதியிருந்தார். பெரிட் தொழுவத்தில், சாரதி லொறியில். தனக்கு மட்டும் "ஹொல்ம்லியாவில் வேலை" என்று எழுதியிருந்தார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான திட்டம் பாருங்கள்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் கரட் வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. பெரிட். தள்ளியும் பார்த்தாயிற்று, தீனி காட்டியும் பார்த்தாயிற்று, ஆறும் வாசலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கின்றன, சாரதி கொஞ்ச நேரம்தான் காத்திருப்பான் என்றார்.

அண்ணை ஏப்ரனைக் கழற்றினார். "தங்கச்சி, கார் கொண்டு வந்தனீரோ?"

வழி நெடுக அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இலக்கைப் பற்றிப் பேசாத அண்ணையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், எனக்குப் பயமாகவே இருந்தது.

தொழுவத்து முற்றத்தில் ஆறு வெள்ளை முகங்களும் அவரைக் கண்டதும் ஒன்றாகத் திரும்பின. சாரதி ஒதுங்கி நின்றான். இந்த மனுசன் கூப்பிட மாட்டார், தொழுவமும் போச்சு, சேமிப்பும் போச்சு என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணை லொறியின் சாய்வுப் பலகையில் ஏறி உள்ளே போனார். உள்ளிருந்து அவருடைய வழக்கமான குரல் வந்தது. "வாங்கோ ஐயா. மெல்ல. வழுக்கும், பார்த்து வாங்கோ."

ஒவ்வொன்றாக ஏறின. கடைசியாக ஏழாம் நம்பர் ஐயா. அண்ணை வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்ததும் பெரிட்டுக்குக் கை கொடுத்தார். பெரிட் அந்தக் கையை உடனே விடவில்லை.

திரும்பி வரும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அண்ணை, பெரிய இலக்கு நிறைவேறீட்டுது" என்றேன்.

"ஓம் பிள்ளை. எழுதேக்கை அதுக்கு முகம் இருக்கேல்லை."

தொழில் நிற்கவில்லை. தொழுவம் அவர் கையிலேயே இருந்தது. அடுத்த தடவை மிகக் கவனமாக, முகத்தில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கன்னங்கரிய அங்கஸ் கன்றுகளை வாங்கினார். வசந்தி அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கண்ணன்ரை நிறமெல்லோ!" என்றார். அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் புதனுக்கு மறுநாள் இல்லத்தில் லப்ஸ்கவுஸ், அதாவது மாட்டிறைச்சியும் கிழங்கும் கரட்டும் குழைய வேகவைத்த சாப்பாடு. ஆண்டுக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. அன்றைக்கு அண்ணை பானையை விட்டு அசையவில்லை. உப்புக்கு என்னை மூன்று தடவை கூப்பிட்டார். பரிமாறியபின், ஒருநாளும் செய்யாத வேலையாக, சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனார். மேசை மேசையாக நின்று, மிச்சம் வைத்த முதியவர்களிடம் இன்னும் ஒரு துண்டு, இதை மட்டும் என்று குனிந்து கெஞ்சினார். தட்டுகள் எல்லாம் வெறுமையாகத் திரும்பி வந்தன. அவர் பலகையில் இருந்த மாட்டுப் படத்தை அழித்துவிட்டு, ஒன்றும் வீணாகக்கூடாது என்று எழுதினார். அளக்கக்கூடிய இலக்குத்தான்.

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எனக்குக் கொழுப்புத் துண்டு பிடிக்காது, முன்பெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பேன். இப்போது ஒதுக்குவதில்லை. யாரும் பார்ப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அந்த மனுசன் மேல் எனக்கு அவ்வளவு பட்சம், அதனால் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.