என் கணினியில் எதிர்க்கடைக்காரர் பெயர்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது, அது மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் கை வேறு பக்கம் போய்விட்டது.

திரைச்சீலைக் கடைகளுக்கென்று நீ ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாயே, அதை இந்தத் தெருவில் முதலில் நம்பியவன் நான். ஜன்னல் அளவைக் கொடுத்தால் துணி எவ்வளவு என்று சொல்லும். போன மாதம், இரண்டு துணியை இணைக்கும்போது பூவோடு பூ பொருந்துகிற மாதிரி வெட்டுக் கணக்கும் சேர்த்தாய். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் திறந்தவுடன் வருகிறது என்ன? "இந்த வசதிக்குப் பணம் தந்து உதவியவர்" என்று, என்னைப் போலவே திரைச்சீலை விற்கிற எதிர்க்கடைக்காரர் பெயர்! என் கடையில், என் மேஜையில், என் மின்சாரத்தில்! படுக்கையறைக்குத் துணி பார்க்க வந்த அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இவங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பொய் வராது, கையைக் காட்டிவிட்டேன். போனவர் போனவர்தான்.

உடனே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"நானும் காசு தர்றேன், எனக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு குடுடா."

"அத்தான், யாரு குடுத்தாலும் அது எல்லாருக்கும்தான் போகும்."

"அவருக்குமா?"

"அவருக்கும்தான்."

நான் சமைக்க அவர் சாப்பிடுவதா? யோசித்தேன். மாடிப்படி ஓரத்துச் சாய்வு ஜன்னல் என்றாலே அவர் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார், கோணக் கணக்கு அவருக்கு ஆகாது. ஆகவே, போனாலும் அவருக்கு உதவாது என்று சாய்வு ஜன்னல் கணக்குக்குப் பணம் கட்டினேன். நீயும் செய்தாய், என் பெயரும் வந்தது. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினால், "அவரு பேரு இன்னும் பெருசா தெரியுதுங்க" என்கிறாள்! பெயர் நீளமாக இருப்பதும் ஒரு சாமர்த்தியமா?

அதோடு விட்டதா? நான் மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்த புது ஆஸ்பத்திரிக் கட்டடம், கீழ்மாடிகளில் ஜன்னல் முழுக்கச் சாய்வு, அந்த வேலையை அவர் எடுத்துவிட்டார். எடுத்ததுமில்லாமல் ரோட்டைத் தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இதைச் செய்ய வெக்கலேன்னா நான் அந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன் சார்." கண் கலங்கியிருந்தது. சண்டைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். நன்றி சொல்ல வந்தவனை என்னடா செய்வது?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். என் பெயரை எடுத்துவிடு. சாய்வையும் எடுத்துவிடு. இனி எனக்குப் பென்சில் போதும். இந்த லீவுக்கு நீ இங்கே வர வேண்டாம். உன் அக்கா முழு ஆசீர்வாதம் சொன்னாள். என் பங்கு ஆசீர்வாதத்தில் பாதிதான் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெந்துபோன அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எதிர்க்கடைக்காரரே வந்தார். ஆஸ்பத்திரி வேலை ஒரு கடையால் முடியாதாம், மேல்மாடிகளை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அங்கே எல்லாம் வட்ட ஜன்னல். உன்னிடம் வட்டத்துக்குக் கணக்கு இல்லையே! இருவரும் பாதிப் பாதி தருகிறோம், சீக்கிரம் செய். மேலே எழுதியதைப் படிக்காதே. லீவுக்குக் கட்டாயம் வா. தெருமுனையில் ஒருவன் புதிதாகத் திரைச்சீலைக் கடை திறந்திருக்கிறான். வட்டம் அவனுக்கும் போய்த்தான் ஆகுமா என்று எதிர்க்கடைக்காரர் கேட்கிறார். நான் கேட்கவில்லை, அவர்தான்.