பிரேக் நடுக்கம் தீர்த்த படலம்

வாழ்க சாலமோன்! சிட்லபாக்கத்து ஏரிக்காற்றில் மீசை முறுக்கி நிற்பவன், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் அறுபது வானரங்களை ஒற்றைச் சாக்குக்கட்டியால் அடக்கியாளும் கணித வேந்தன், மூன்று கை மாறித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த வெண்ணிறக் காரின் தனிப்பெருந் தலைவன், ராஜகீழ்ப்பாக்கத்து மாமனார் வீட்டின் மூத்த மருமகன், வாழ்க! பிரேக் மிதிக்கு அதிதேவதை என்று எவரேனும் இருந்தால், இக்கதை முடியும்வரை என் நாவையும் வழுக்காமல் காக்கட்டும். இதோ தொடங்கிவிட்டேன்.

அந்த மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண்ணைத் தேவாலயத்துக்குக் காரோட்டி அழைத்துச் செல்லும் உரிமை மூத்த மருமகனுக்கே உரியது. கடைக்குட்டிக் கொழுந்தியாள் ஜெனியின் கல்யாணம் 2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமைக்கு நிச்சயமாகி, அந்த உரிமை சாலமோனின் தலைமேல் மணிமுடியாக இறங்கியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, செங்கல்பட்டில் பத்திரிகை வைத்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் எழுபதில் பறந்து வரும்போது, ஓர் எருமை குறுக்கே புகுந்தது. மிதித்தான் பிரேக்கை. அந்தோ! ஸ்டியரிங் சாமி வந்தது போல ஆடியது, கை ஆடியது, மீசை ஆடியது, பின்னிருக்கையில் மாமனாரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. எருமை மட்டும் ஆடாமல் அசையாமல் கடந்து போயிற்று.

அப்போது முன்னிருக்கையில் இருந்த மனைவி யூனிஸ் திருவாய் மலர்ந்தாள்: "என்னங்க, இந்த வண்டில ஜெனியை ஏத்துனா மாலை ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்தான் இறங்குவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா தாவீது வண்டிதான்."

தாவீது! நடு மகளைக் கட்டிய சகலை; போன மாதம்தான் வெள்ளி நிறத்தில் புத்தம்புதுக் கார் வாங்கியவன்; அதன் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்காதவன்!  அந்தப் பெயர் காதில் விழுந்த நம் நாயகன் அன்று இரவு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான்.

மறுநாள் மூண்டது போர். வீல் அலைன்மென்ட் என்னும் முதற்படையை ஏவினான், தோற்றது. வீல் பேலன்சிங் என்னும் இரண்டாம் படையை ஏவினான், அதுவும் புறமுதுகிட்டது. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி வியூகம் வகுத்தான். கைலியை மடித்துக் கட்டி வண்டிக்கு அடியில் புகுந்து, அரைமணி நேரம் பகைவனைத் தேடி, நெற்றியில் கிரீஸ் திலகத்தோடு வெளியே ஊர்ந்து வந்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த அரக்கனோ அறுபதுக்குக் கீழே ஆட்டுக்குட்டியாகக் கிடந்து, அறுபதுக்கு மேலே பிரேக்கை மிதித்ததும் தலைவிரித்து ஆடினான். இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, தன்மானத்தைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு, மெக்கானிக் அயூப்பின் பட்டறையில் சரண் புகுந்தான். ஸ்பேனர் ஏந்திய அம்மேதை வண்டியைத் தொடக்கூட இல்லை.

"சும்மா ஓடும்போதும் ஆடுதா சார், பிரேக் புடிச்சா மட்டும் ஆடுதா?"

"பிரேக் புடிச்சா மட்டும்தான் பாய்."

"அப்ப டயரை இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீறீங்க? ஸ்டியரிங்தானே ஆடுது? முன்னாடி டிஸ்க்கு கோணிகினு கீது."

வாரம் முழுவதும் கணித மூளைக்கு எட்டாத விடை இரண்டே கேள்வியில் வந்து விழுந்தது! சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பிடிக்கும் அந்த இரும்புத் தட்டின்மேல் முள் வைத்த அளவுமானியைப் பொருத்தி, கையால் மெல்லச் சுழற்றினார் அயூப். முள் இப்படியும் அப்படியும் குதித்தது. பகைவன் அகப்பட்டான். ஆனால் அவனைப் பெற்றவன் யார்?

"வூட்டுக்கு வந்ததும் வண்டியை இன்னா சார் பண்ணுவீங்க?"

நிமிர்ந்தான் நாயகன். தன் தூய்மையின் புகழ் ராஜகீழ்ப்பாக்கம்வரை பரவட்டும் என்று முழங்கினான்: "வந்த உடனே ஓஸ் பைப்பை எடுத்து நாலு வீலையும் கழுவிடுவேன் பாய்! எங்க தெருவுல தோண்டிப் போட்ட சேறு அப்படி. என்ஜினை ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே பைப்பு கைல இருக்கும்!"

அயூப் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "காய்ஞ்ச தோசைக்கல்லு மாதிரி கீற டிஸ்க்குல டெய்லி பச்சத்தண்ணி ஊத்துனா அது கோணாம இன்னா சார் பண்ணும்?"

ஐயகோ! வெளியே தேடிய அரக்கன் உள்ளேயே, கையில் பைப்போடு நின்றிருக்கிறான்! சாலமோனுக்கு வெட்கத்தில் காதுமடல் சிவந்தது. அடுத்த கணமே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அயூப்பும் சேர்ந்து சிரித்தார்.

இரும்புத் தட்டிரண்டையும் மடியில் ஏந்தித் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு அயூப்பின் பைக்கில் விரைந்தனர் இருவரும். அங்கே இரும்பைச் சீவும் லேத் எந்திரத்தின் அரசன் சவுரிமுத்து தட்டை மாட்டிச் சுழற்றத் தொடங்கினான், கரண்ட் போயிற்று. மின்சார வாரியமும் தாவீதின் கட்சியோ என்று ஐயுற்று, இரண்டு மணி நேரம் விட்டத்து மின்விசிறியையே பார்த்திருந்தான் நாயகன். விசிறி அசைந்தது! லேத் முழங்கியது! மயிரிழை மயிரிழையாகச் சீவப்பட்டுக் கோணல் உதிர்ந்தது. தட்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடியாயின. பட்டறைக்குத் திரும்பி அவற்றை மாட்டி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகச் சமமாய் முடுக்கினார் அயூப். பிறகு புறவழிச் சாலையில் எண்பது தொட்டு மிதித்தான் சாலமோன். ஸ்டியரிங் தவமுனிவர் போல அமர்ந்திருந்தது. ஆனந்தம் தாளாமல் மறுபடி மிதித்தான், மறுபடியும் மிதித்தான். "போதும் சார், பின்னாடி லாரிக்காரன் திட்டிகினு வரான்" என்றார் அயூப்.

விடிந்தது திங்கள். மல்லிகைச் சரமும் ரோஜா வளையமும் அணிந்த வெண்புரவியாய் அவ்வூர்தி வாசலில் நிற்க, வெண்பட்டும் வெண்முக்காடும் தரித்த ஜெனி பின்னிருக்கையில் அமர, அவளருகே யூனிஸ் முக்காட்டின் ஓரத்தை முன்னெச்சரிக்கையாகக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பிளாஸ்டிக் உறைமேல் வேர்த்து வழுக்கியபடி தாவீது தன் வெள்ளித் தேரில் பின்தொடர, எண்பதென்ன, நூறிலும் நடுங்காத பிரேக்கின்மேல் வலக்காலை வைத்து, எட்டுத் திசையும் தன்னை நோக்க, மூத்த மருமகன் சாலமோன் புறப்பட்டான்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் தேவாலயம் வரைக்கும் ஒரே டிராஃபிக், வண்டி இருபதைத் தாண்டவே இல்லை.