மை படாத விரல்

"வழி விடுங்க, வழி விடுங்க, ஓட்டு வருது!"

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நடைவழியில் அழுக்குப் போர்வை அள்ளும் தள்ளுவண்டி தடதடவென்று வந்தது. வண்டிக்குள் காய்ச்சல்காரன் ஒருவன் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். கழுத்துவரை போர்த்தியிருந்தும் அவனுக்குப் பல் கிட்டியது. தள்ளிக்கொண்டு வந்தவர் அவனுடைய அக்கா புருஷன். ஓய்வறை வாசலில் வண்டியை நிறுத்தி, மைத்துனன் கையில் சீட்டைத் திணித்து, அந்தக் கையைத் தானே பிடித்துச் சோப்புத்தூள் அட்டைப்பெட்டியின் துளைவரைக்கும் கொண்டுபோய், "ரகசிய வாக்கு, யாரும் பார்க்கக் கூடாது" என்று மற்றவர்களை அதட்டிவிட்டு, தான் மட்டும் பார்த்துக்கொண்டார்.

என்ன தேர்தல் என்று கேட்கிறீர்களா? ஓய்வறைக்கு ஒரு மின்விசிறி வந்திருந்தது. சங்கம் போராடி வாங்கியது. அதை ஜன்னலோரம் மாட்டுவதா, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவதா என்பதுதான் பிரச்சினை. மேசைக் கட்சி ஜெயித்தது. அந்தக் கட்சியின் தலைவர், பேச்சாளர், முகவர், எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், எல்லாம் இவரே. ஜன்னல் கட்சி மறுபடி எண்ணச் சொன்னபோது, "எண்ணுங்க. ஜனநாயகம்னா எண்ணித்தான் ஆகணும்" என்று எழுந்து நின்று சொன்னார். மைத்துனன் அதற்குள் வண்டியிலேயே தூங்கிவிட்டான்.

நான் சொல்லவந்த இனம் இதுதான். சங்கத்துக்குள்ளே புலி, வாசலைத் தாண்டினால் துறவி. கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலியைத் துடைத்து உட்காருவார், தீர்மானத்தில் 'கேட்டுக்கொள்கிறது' என்றிருப்பதை 'வலியுறுத்துகிறது' என்று மாற்றும்வரை மற்றவர்களை வீட்டுக்குப் போகவிட மாட்டார், டீ ஆறிப்போய் வந்தால் வேலைநிறுத்தம்வரை போகலாம் என்பார், முதலாளி வர்க்கம் என்ற சொல்லை அதற்குரிய அழுத்தத்தோடு உச்சரிப்பார். ஆனால் நகரமன்றத் தேர்தல் என்று யாராவது வாயைத் திறந்தால் கை கழுவப் போய்விடுவார். உவமை இல்லை. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டே கழுவுவார்.

அவர் வேலை அப்படி. வார்டுகளிலிருந்து வரும் வெள்ளைத் துணிகளை விரித்துவைத்து, இது ரத்தம், இது மருந்து, இது நோயாளியைப் பார்க்க வந்தவர் கொட்டிய டீ என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டியைத் திறந்து கறை எடுப்பார். கறைக்காரர் என்றே பெயர். தொழிலிலிருந்து தத்துவமும் வந்துவிட்டது.

"ரத்தம் போகும். துரு போகும். அரசியல் ஒட்டிச்சுன்னா எந்தப் புட்டிக்கும் போகாது."

தத்துவம் இருந்தால் உரிமையும் வரும் அல்லவா? எல்லாக் கட்சிக்காரர்களையும் எல்லா நாளும் திட்டும் உரிமை அவருக்கு இருந்தது. "நான் யாருக்கும் போட்டதில்லை. அதனால நான் யாரை வேணும்னாலும் திட்டலாம்" என்பார். போட்டவன் திட்டினால் அது ஏமாந்தவன் புலம்பலாம். போடாதவன் திட்டினால் அது விமர்சனமாம்.

அந்த வருடம் நகரமன்றத் தேர்தல் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று மருத்துவமனை மதிலோரம் நின்றது. அதிலிருந்த வேட்பாளர் ஒளிவுமறைவில்லாத மனிதர். தம் அணி வென்றால் மருத்துவமனைச் சலவையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்து நகரமன்றத்தின் சுமையைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். மூன்று தெருக்களுக்குக் கேட்டது. சலவைக்கூடத்துக்கும் கேட்டது. அப்படி நடந்தால் முதலில் வெளியே போகிறவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். தள்ளுவண்டியில் வந்த மைத்துனன் தற்காலிகம். நிரந்தரம் செய்யச் சொல்லி அவன் பெயர் மேலே போயிருந்தது. பெண் பார்த்துப் பேசி முடித்தும் ஆயிற்று. "வேலை நிரந்தரம் ஆகட்டும், தேதி குறிச்சுக்கலாம்" என்று பெண் வீட்டார் நாகரிகமாகச் சொல்லியிருந்தார்கள்.

சங்கச் செயலாளர் துணி மடிக்கும் பகுதியில் இருப்பவர். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கறைக்காரர் மட்டும் அம்மா என்பார். சாப்பாட்டு வேளையில், ஜெயித்த மின்விசிறிக்கு நேர் கீழே, அக்கா கறைக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, வண்டியில சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. சும்மா சொல்லுவானுங்க. சொன்னதை எப்ப செஞ்சிருக்கானுங்க?"

"எதிர்த்து நிக்கிறவங்க சலவைக்கூடத்தைத் தொட மாட்டோம்னு நம்மகிட்ட வந்து சொல்லியிருக்காங்க. செய்வாங்களான்னு நாம பின்னாடியே நின்னு கேட்கலாம். முதல்ல நம்ம ஆளுங்க அத்தனை பேரும் போய்ப் போடணும். வீடு வீடா நாலு பேரு போனா நல்லாருக்கும். நீங்க வந்தீங்கன்னா..."

"இங்க பாரும்மா, சங்கம் வேற, அரசியல் வேற. வெள்ளையையும் கலரையும் ஒரே தொட்டியில போட்டா என்ன ஆகும்?"

"சரிண்ணே. சம்பளம் பேசப் போறோமே, மேசைக்கு அந்தப் பக்கம் யாரு உட்கார்றது?"

"நிர்வாகம்."

"நிர்வாகத்தை யாரு வைக்கிறது?"

"நகரமன்றம்."

"நகரமன்றத்தை?"

கறைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"காத்து நல்லா வருதுல்ல?" என்றார்.

"காய்ச்சல்காரனை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தீங்களேண்ணே, அன்னிக்கு!"

"அது ஃபேன் விஷயம். நம்ம தலைக்கு மேல இருக்கிற விஷயம்மா."

அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துபோனார்.

வாக்களிக்கிற நாளில் சம்பளத்தோடு விடுமுறை. அந்தக் காலத்துச் சங்கத்துக்காரர்கள் அடியும் உதையும் வாங்கிப் பெற்றுத் தந்தது. கறைக்காரர் அதை வீணாக்குவாரா? தூங்கினார். காலையில் மைத்துனன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து எழுப்பினான்.

"மாமா, கிளம்பலாமா?"

"எங்க மாப்ளே?"

"ஓட்டுப் போட."

கறைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு வந்துவிட்டது. வெளியே வெயில், வரிசை, போடுவதால் ஒன்றும் மாறாது, எல்லாரும் ஒரே துணியில் வெட்டியவர்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மைத்துனன் செருப்பைக் கழற்றவில்லை. கடைசியில் தொழிலுக்கு வந்தார்.

"விரல்ல மை வைப்பான். அந்தக் கையோட நாளைக்கு வெள்ளைத் துணியை எப்படித் தொடுவ? ஆபரேஷன் தியேட்டருக்குப் போற துணி. ஒரு பொட்டு பட்டுச்சு, உன் பேரு போயிடும். நிரந்தரம் ஆகப்போற நேரத்துல இதெல்லாம் தேவையா?"

மைத்துனன் தன் விரலைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

உள்ளேயிருந்து கறைக்காரர் மனைவி கைப்பையோடு வந்தார். "காய்ஞ்ச மை எந்த ஊர்ல ஒட்டுச்சு? டேய், உன் வேலைக்காகத்தான்டா போறேன். நீயாவது எழுந்து வா."

"மாமா சொல்றதும் சரிதானேக்கா."

"அப்ப ரெண்டு பேரும் படுங்க. காத்து நல்லா வரும்."

மனைவி திரும்பி வந்தபோது இடது சுட்டு விரலில் மை இருந்தது. கறைக்காரருக்குக் கை பரபரத்தது.

"கொண்டா, ஒரு நிமிஷத்துல எடுத்து விட்டுடறேன்."

"தொட்டீங்கன்னா பாருங்க."

ஒலிபெருக்கி வண்டிக்காரர் ஜெயித்தார். வாக்கு வித்தியாசம் சொற்பம், அத்தனை பேரையும் எங்கள் சலவைக்கூடத்து ஓய்வறையில் உட்காரவைத்து டீ கொடுத்திருக்கலாம். சாலை போடுவதாகச் சொன்னார், போடவில்லை. விளக்கு வைப்பதாகச் சொன்னார், வைக்கவில்லை. சலவை விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் மாறாதவராக இருந்தார். முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றினார்.

செய்தி வந்த அன்று ஓய்வறையில் நிற்க இடமில்லை. கறைக்காரர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். கையில் சோப்புத்தூள் அட்டைப்பெட்டி. துளைகூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நம்மளக் கேட்காம எப்படி முடிவு பண்ணுவாங்க? இதை ஓட்டுக்கு விடணும்! தொழிலாளி ஒவ்வொருத்தனும் ஓட்டுப் போடணும்!"

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"விட்டாங்கண்ணே."

"எப்ப?"

"நீங்க தூங்கிட்டிருந்தப்ப."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய பலர் அன்று அவரோடு சேர்ந்து, அவரவர் வீட்டில், தூங்கியவர்கள். மைத்துனன் பக்கத்தில் நின்று நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. உங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் முறை யாருக்கு என்று கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னபோது நீங்கள் இரண்டு கையையும் தூக்கியது எனக்குத் தெரியும். போன தேர்தலன்று வெளியே வெயில் அதிகம் என்று ஜன்னலைச் சாத்தியதும் தெரியும். இல்லை என்கிறீர்களா? எதற்கும் அந்த விரலை இப்படி வெளிச்சத்தில் காட்டுங்கள்.

நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்ட அன்றும் கறைக்காரர் வழக்கமான நேரத்துக்கு எழுந்தார். மனைவி டீ கொடுத்தார். அவர் நகத்தில் மை பாதிவரை ஏறியிருந்தது. கறைக்காரர் அதைப் பார்த்தபடியே டீயைக் குடித்தார். மைத்துனன் வேலைக்குப் போகவில்லை. பெண் வீட்டாரிடமிருந்து பேச்சு எதுவும் இல்லை. சலவைக்கூடத்துக்கு நிறுவனத்தின் லாரி வந்தது. கறைக்காரரின் புட்டிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிவைத்தார்கள். அவர் நிரந்தரம் என்பதால், மூட்டைகளை லாரிவரைக்கும் தள்ளும் வேலை கொடுத்தார்கள். அதே தள்ளுவண்டி. ஓய்வறை மூட்டை அறையாகிவிட்டது. மின்விசிறியை யாரும் கழற்றவில்லை. வாக்கெடுப்பில் முடிவான இடத்திலேயே, மூட்டைகளுக்கு மேல், சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் அக்கா வாசலில் நின்று, அடுத்த தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்க்க வேண்டும் எனச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் நின்று கேட்டார்கள். கறைக்காரரும் வண்டியை நிறுத்தினார். லாரிக்காரர் வழி விடச் சொன்னார். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.