பெகிமாய் எலும்புப் பாடம் தேறிய விவரம்

மாஸ்கோவில் கட்டடம் மேல் கட்டடமாக எழுப்பிக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய அத்தான் ஒரோஸ்பெக் அவர்களுக்கு,

ஓஷ் நகரிலிருந்து மைத்துனன் தொக்தோசுன் வணங்கி எழுதுவது. ஊரில் அக்கா, குதிரை, இங்கே என் மினிபஸ் எல்லாரும் சுகம். உங்கள் கைப்பேசி சிமெண்ட் கலவைக்குள் விழுந்த துக்கச் செய்தி கிடைத்தது. அதனால்தான் மாஸ்கோ பஸ்காரரிடம் இந்தக் கடிதம்.

“இந்தத் தடவையும் தேறலைன்னா பொண்ணை இங்க அனுப்பிடு, தையல் வேலைக்கு விட்டுடறேன்” என்றீர்கள் அல்லவா? தையலை மறந்துவிடுங்கள். உங்கள் மகள் பெகிமாய் எலும்புப் பாடத்தில் தேறிவிட்டாள்!

எப்படி என்று கேளுங்கள். புத்தகமோ செங்கல் கனம், உள்ளே முழுக்க ருஷ்ய மொழி, நம் மலையூர்ப் பள்ளியில் கிர்கிஸில் படித்த பெண் என்ன செய்வாள், பக்கத்துக்கு ஒரு கிண்ணம் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள், அப்போது நான்தான் செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடித்தேன், அதாவது அவளுடைய கைப்பேசியில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினால் போதும், நம் பாஷையில் விளக்குகிறது, அத்தான்! முதலில் அது என்ன கேட்டது தெரியுமா? “உனக்கு ஏற்கெனவே என்ன நல்லா தெரியும்?” இவள், “விருந்துல எந்த ஆட்டெலும்பை யாருக்கு வைக்கணும்னு தெரியும்” என்றாள். “அப்ப அங்கேருந்தே ஆரம்பிப்போம்” என்றது. மூத்த விருந்தாளிக்கு வைக்கும் இடுப்பெலும்பில் ஒரு குழி இருக்கிறதே, அதில் தொடையெலும்பின் தலை உட்கார்ந்து சுழல்கிறதாம். நான் ஆயிரம் இடுப்பெலும்பு பரிமாறியிருக்கிறேன், குழியை யார் பார்த்தது? பிறகு அதையே ருஷ்யத்திலும் லத்தீனிலும் சொல்ல வைத்தது. தப்பாகச் சொன்னால் திட்டவில்லை, வேறு விதமாகக் கேட்டது. அப்படி ஒரு வாத்தியார் எனக்குக் கிடைத்திருந்தால் நான் இன்று மந்திரி.

மருத்துவக் கல்லூரிக்கு என் வண்டியில்தான் போவாள், பாடம் சத்தமாக ஓடும். ஒரு கிழவி தன் நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. “இருப்பா, முழங்கால் வரட்டும், அப்புறம் எறங்கறேன்!”

ஒரே ஒரு சண்டைதான். மனிதனுக்கு விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி என்றது. “நான் எத்தனை ஆடு வெட்டியிருக்கேன், பதின்மூணு!” என்று கத்தினேன். “ஆட்டுக்கு நீங்க சொல்றது சரிதான் மாமா. மனுஷனுக்குப் பன்னிரண்டு” என்றது, அடக்கமாக. சட்டையைக் கழற்றி என் விலாவையே எண்ணினேன். கொழுப்புக்குள் ஆறுக்கு மேல் அகப்படவில்லை. விட்டுக்கொடுத்தேன்.

பரீட்சையில் அவள் குலுக்கி எடுத்த கேள்விச் சீட்டு எது? அதே விலா எலும்பு! கதவுக்கு வெளியே நின்று நானே காதால் கேட்டேன். பேராசிரியை ராய்சா கஸிமோவ்னா, “ஆட்டைப் பாத்து வளந்தவதானே நீ, பதின்மூணுன்னு சொல்லு, கேட்போம்” என்று சீண்டினாள். நம் பெண் தயங்காமல், “பன்னிரண்டு ஜோடிங்க. பதின்மூணு எங்க மாமா வாயில மட்டும்தான்” என்றாள். சிரித்த சிரிப்பில் அந்த அம்மாளின் கண்ணாடி கீழே விழுந்தது. எழுந்து நின்று கை குலுக்கினாள். சன்னல்கள் அதிர்ந்தன.

ஆகவே அவளுக்குப் பயணச்சீட்டு எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும், கூலி குறையாமல் கைக்கு வரட்டும், ஆண்டவன் உங்களைச் சாரத்திலிருந்து தினமும் பத்திரமாக இறக்கிவிடட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
தொக்தோசுன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், பெகிமாய் தேநீர் போடப் போன நேரத்தில், பிழை பார்க்கச் சொல்லி இதை அந்தக் கைப்பேசியிடமே வாசித்துக் காட்டினேன். “நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா பரீட்சை வர்ற வெள்ளிக்கிழமைதானே?” என்கிறது. “பஸ் மாஸ்கோ போய்ச் சேர ஞாயிறு ஆகும், நீ சும்மா இரு” என்றேன். அவள் தேறாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அது கேட்கவே இல்லை, அத்தான். இத்தனை நாள் அவளோடு கூடவே இருந்து பார்த்திருக்கிறதே, அதற்குத் தெரியாதா?